ஹலோவுக்குப் பதில்

"கூப்பிடுகிறவன் தன் பேரைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா அம்மா?"

வந்ததும் வராததுமாகச் சபாநாயகம் கேட்டது இதைத்தான். தோளில் தொங்கிய பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

நாகரத்தினம் அம்மா சமையல்கட்டு வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"தெரிஞ்ச குரலுங்களா?"

"தெரிஞ்ச குரல்தான்."

"அப்புறம் பேரை வச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

சபாநாயகத்துக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் காலேஜில் இங்கிலீஷ் நடத்தியவர். கேள்வி கேட்பது அவர் வேலை, பதில் சொல்வது எதிரே இருப்பவர் வேலை என்று பழகிப்போனவர். பஸ் பிடித்து, பரிசல் ஏறி, மூட்டுவலியோடு மேடு ஏறி வந்தது கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வி வாங்கவா? முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா இருப்பது ஒரு மடத்தில். மடம் என்றதும் கோபுரமும் யானையும் என்று நினைத்துவிட வேண்டாம். பவானிக்கு மேலே, காவிரிக் கரையில், ஓடு போட்ட இரண்டு கூடம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். பஸ் ரோடு அக்கரையில் இருக்கிறது. இக்கரையில் காடும் தோட்டமும்தான். அம்மாவும் ஒன்றும் காவி கட்டியவர் அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தவர். ஓய்வுபெற்று இங்கே வந்து உட்கார்ந்தார். மனசு சரியில்லாதவர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். பிரசங்கம் எதுவும் செய்ய மாட்டார். பாதிப் பேருக்கு வெங்காயம் உரிக்கிற வேலைதான் கிடைக்கும்.

வயதில் சபாநாயகம் அம்மாவுக்கு மூத்தவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

கோபம் கொஞ்சம் ஆறியதும் திரும்பி வந்தார். விஷயத்தை முதலிலிருந்து சொன்னார்.

அவருக்கு ஞானாபரணம் என்று ஒரு சிநேகிதர். திருநெல்வேலிக்காரர், அதே காலேஜில் தமிழ். இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி எழுத உட்கார்ந்தார்கள். சாயங்காலம் ஆனால் போதும், ஞானாபரணம் வீட்டு மாடியில் சுக்குக் காப்பியும் சண்டையுமாக ஓடும். 'ஏ' முடிந்தது, 'பி' முடிந்தது, இப்படியே ஊர்ந்து 'எச்' வரை வந்துவிட்டார்கள். அங்கே வந்து நின்றது வண்டி.

நிறுத்திய சொல், ஹலோ.

சபாநாயகம் அதற்கு நேராக 'வணக்கம்' என்று எழுதினார். ஞானாபரணம் அதை அடித்துவிட்டு 'ஹலோ' என்று எழுதினார். ஹலோவுக்கு ஹலோ என்று பொருள் போட்டால் அகராதி எதற்கு என்று இவர் கேட்டார். ஞானாபரணம் விடவில்லை.

"என்ன ஓய், மைக் செட்டுக்காரன் 'வணக்கம் வணக்கம் மைக் டெஸ்டிங்'னா சொல்லுதான்? பஸ்ல கால மிதிச்சவன வணக்கம்னா அதட்டுவீரு? லைன் பாதியில அந்துபோனா வணக்கம் வணக்கம்னா கத்துவீரு? எல்லாத்துக்கும் ஹலோதான வே. சனம் அதை எடுத்துக்கிட்டு எம்புட்டோ காலமாச்சு. இனி அது நம்ம சொல்லு."

நியாயமான பேச்சுதான். சபாநாயகத்துக்கே உள்ளுக்குள் அது தெரிந்தது. தெரிந்ததால்தான் கோபம் அதிகமாக வந்தது. ஒருநாள் இரண்டு நாள் அல்ல, மழைக்காலம் முழுக்க இந்த ஒற்றைச் சொல்லில் கிடந்து மல்லுக்கட்டினார்கள். கடைசியில் பதிப்பாளர் ஆபீசில், நாலு பேர் பார்க்க, சபாநாயகம் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையை விட்டுவிட்டார்.

"இவருக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. இவரோடு சேர்ந்து அகராதி போட்டால் என் பேர்தான் கெடும்."

ஞானாபரணம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அகராதி 'எச்'சிலேயே நின்றுபோனது. பேச்சும் நின்றது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"சரிங்க," என்றார் அம்மா.

இப்போது விஷயம் என்னவென்றால், ஞானாபரணத்துக்குத் தொண்டையில் கட்டி. பதிப்பாளர்தான் சொன்னார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பொங்கல் கழிந்து ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குரல் போய்விடும். அப்புறம் பேச்சே கிடையாது.

அதைக் கேள்விப்பட்ட அந்த வாரத்திலேயே சபாநாயகத்துக்குப் போன் வந்தது. புது நம்பர். எடுத்தால், கரகரவென்று ஒரு குரல்.

"ஹலோ."

ஒரே சொல். குரலைக் கேட்டதும் ஞானாபரணம்தான் என்று தெரிந்துவிட்டது சபாநாயகத்துக்கு. எத்தனை கரகரத்தாலும் அந்தக் குரல் தெரியாதா? ஆனால் வாயில் வந்தது வேறு.

"யார் பேசுறது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கட்டாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தது. அதே ஹலோ. இவரும் அதே யார் பேசுறது. மறுபடி கட். இப்படியே நாலைந்து தடவை நடந்துவிட்டது.

"நான் என்ன சொத்தையா கேட்டேன்? 'ஞானாபரணம் பேசுறேன்'னு ஒரு வார்த்தை. அது அவர் வாயிலிருந்து வந்துட்டா மிச்சத்தை எல்லாம் நானே பேசிடுவேன். அழக்கூட அழுதுடுவேன் அம்மா. அந்த ஒரு வார்த்தை வரலைன்னா எனக்கு வாய் திறக்க மாட்டேங்குது."

சொல்லி முடித்தபோது அவர் குரலே உடைந்திருந்தது.

அம்மா உரித்த வெங்காயத்தை அலசிவிட்டு வந்தார்.

"துறையில கேக்கறதுக்கு ஆளில்லைங்க. நாளையிலிருந்து நீங்க போய் உக்காருங்க."

இவ்வளவுதானா என்று சபாநாயகம் பார்த்தார். அவ்வளவுதான்.

துறை என்பது மடத்துக்குக் கீழே பரிசல் கட்டுகிற இடம். பரிசல் தள்ளுவது மாதேசன். அவருக்குச் சுத்தமாகக் காது கேட்காது. அதனால் துறையில் எப்போதும் ஒருவர் காதாக உட்கார வேண்டும். அக்கரையில் யாராவது கூவினால் இவர் பதில் கூவிவிட்டு மாதேசன் தோளில் தட்டுவார். மாதேசன் கயிற்றை அவிழ்ப்பார்.

பதில் என்ன என்பதும் வழக்கத்தில் உள்ளதுதான். அங்கே "ஓ" என்று கூவினால் இங்கே "வர்றேன்" என்று போக வேண்டும். யார், என்ன, எத்தனை பேர் என்பதெல்லாம் பரிசல் போய்ச் சேர்ந்த பிறகு. பதில் வராவிட்டால் அக்கரைக்காரர் இன்னொரு தடவை கூவிப் பார்ப்பார். அதற்கும் இல்லையென்றால் இன்றைக்குப் பரிசல் இல்லை என்று பாலம் சுற்றிப் போய்விடுவார். பாலம் வெகு தூரம்.

மார்கழி மாதம். விடிந்து வெகுநேரம் ஆகியும் ஆற்றின்மேல் பனி விலகவில்லை. சபாநாயகம் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். அக்கரையில் மரம்கூடத் தெரியவில்லை. அப்போது கேட்டது.

"ஓ..."

எழுந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். வெள்ளையாகப் பனிதான்.

"யாரது?"

"ஓ..."

"யாருங்க? பேரைச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு சத்தமில்லை. சபாநாயகம் உட்கார்ந்துவிட்டார். பேர் சொல்ல மாட்டாத ஆளுக்கு அப்படி என்ன அவசரம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் இலையில் சோறும் ரசமும் வந்தது. மறுசோறு வந்தது. மோர் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் மோருக்குக் கையைக் குழித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னைக்கு மோர் இல்லீங்க," என்றார் அம்மா. "மோர்க்கார அம்மாகிட்ட வாத்தியார் பேரு கேட்டுட்டாருங்க. அது கோவிச்சுக்கிட்டு வந்த வழியே போயிருச்சு."

பந்தியே சிரித்தது. சபாநாயகத்துக்கு ரசம் புரையேறியது.

பேர் கேட்டது ஒரு குற்றமா என்று சாப்பிட்டு முடித்ததும் சண்டைக்குப் போனார். இங்கே அப்படித்தான் என்றார் அம்மா. யார் என்று கேட்டால் ஆள் பார்த்துத்தான் பரிசல் வரும் என்று அர்த்தமாகிவிடுகிறது. ரோஷமுள்ளவர் யாரும் நின்று பேர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

"குடிகாரன் கூப்பிட்டால்?"

"போய்ப் பாத்தாத்தானுங்க குடிச்சிருக்கானா இல்லையான்னு தெரியும்."

சபாநாயகம் முணுமுணுத்துக்கொண்டே துறைக்குப் போனார்.

மறுநாள் வாய் தவறவில்லை. "ஓ" என்று கேட்டதும் "வர்றேன்" என்றார். ஆனால் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில் சொன்னார். அது ஆற்றில் பாதிகூடப் போகவில்லை. அடிவயிற்றிலிருந்து கூவ வேண்டும் என்று மாதேசன் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். காது கேளாதவர் குரல் போதவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ, சபாநாயகத்துக்கு விளங்கவே இல்லை. கழுத்து நரம்பு புடைக்கவில்லை என்று பார்த்திருப்பாராக இருக்கும்.

நாலு நாளில் பழகிவிட்டது. உரக்கடைக்காரர் வந்தார். சீர்த் தட்டோடு ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்தது. மோர்க்கார அம்மா வந்தார், வந்து இறங்கும்போது சபாநாயகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் பேர் குஞ்சம்மாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருத்தராவது அக்கரையில் நின்று பேர் சொல்லிக் கூவவில்லை. ஓ என்பார்கள், இவர் வர்றேன் என்பார், அங்கே சத்தம் அடங்கிவிடும். பரிசல் போய்ச் சேரக் கால் மணி ஆனாலும் அதற்குப் பிறகு ஒருத்தரும் கூவுவதில்லை.

ஒரு சாயங்காலம் அவர் அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எக்ஸ்சேஞ்சில் அப்படி என்னதான் வேலை என்று பேச்சுக்குக் கேட்டார். அம்மாவுக்கும் அன்றைக்குப் பேசுகிற மனசு இருந்தது.

ட்ரங்க் காலுக்குக் காலையில் பதிந்துவிட்டுச் சாயங்காலம் வரை காத்துக் கிடப்பார்களாம். லைன் கிடைத்தால் மூன்று நிமிஷம். லைனும் ஒழுங்காக இருக்காது. இங்கிருந்து ஒருத்தர் ஹலோ என்பார், அங்கிருந்து ஒருத்தர் ஹலோ என்பார். கேக்குதா, ஹலோ, ஹலோ, கேக்குதா. இப்படியே மூன்று நிமிஷமும் ஓடிவிடும். ஒரு சேதியும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"காசு தண்டம்," என்று சிரித்தார் சபாநாயகம்.

"தண்டம்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க," என்றார் அம்மா. "லைன் நல்லாக் கிடைச்சுதுங்களான்னு கேட்டா, கிடைச்சுதம்மா, பேசிட்டேன்னு சொல்லீட்டு நிம்மதியாப் போவாங்க."

சபாநாயகம் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை. பனியில் யாரோ கூவினார்கள். இவர் வர்றேன் என்று கூவிவிட்டு, மாதேசனைத் தட்டிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே எழுந்தார். மேடேறி மூச்சிரைக்கச் சமையல்கட்டுக்கு ஓடினார். மூட்டுவலி எங்கே போனதோ.

முப்பது வருஷம் வகுப்பில் சொன்னதுதான். பையன்கள் தூங்கி வழியும்போது எழுப்புவதற்காகச் சொல்வார். ஹலோ என்பது மரியாதைச் சொல்லே அல்ல, ஒரு கூச்சல் என்பார். பழைய ஜெர்மானிய மொழியில் 'கொண்டுவா' என்று ஏவுகிற ஒரு சொல் இருந்தது. ஆற்றங்கரையில் நின்றுகொண்டு எதிர்க்கரை ஓடக்காரனை அதைச் சொல்லித்தான் கூவுவார்கள். அதுதான் திரிந்து திரிந்து ஹலோ ஆயிற்று என்று அகராதிக்காரர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். வேட்டை நாயை ஏவுகிற கூச்சலாகவும் கொஞ்ச காலம் திரிந்தது. பிறகு டெலிபோன் வந்தது. அதைக் கண்டுபிடித்த புண்ணியவான், கப்பல்காரர்கள் கூவுகிற 'அஹாய்' என்பதைத்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். ஊர் கேட்கவில்லை. ஹலோதான் நின்றது. அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்ச் பெண்களுக்கே 'ஹலோ கேர்ள்ஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இத்தனையும் ஒரே மூச்சில் சொன்னார். இத்தனை காலமும் இதைச் சிரிப்புக் காட்டத்தான் சொல்லியிருக்கிறேன், இன்றைக்குத்தான் என் காதாலேயே அந்தச் சொல்லைக் கேட்டேன் என்றார். முகம் பளபளவென்று இருந்தது.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"நல்லாருக்குதுங்க. அந்த ஓடக்காரன் என்ன பதில் சொன்னானாமுங்க?"

சபாநாயகம் மனசுக்குள் அகராதிகளைப் புரட்டிப் பார்த்தார்.

"அகராதியில் அது இல்லை அம்மா."

"தேடிப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி அடுப்பை ஏற்றினார்.

எங்கே போய்த் தேடுவது? இருக்கிற புத்தகமெல்லாம் வீட்டில். இருந்தாலும் படித்தவர் சும்மா இருப்பாரா? துறையில் உட்கார்ந்தபடியே யோசித்தார். சாயங்காலம் ஒரு பதிலோடு போனார். யார் என்று கேட்டிருப்பான் என்றார். அம்மா இல்லை என்று தலையாட்டினார். மறுநாள் வேறு பதில். எத்தனை பேர் என்று கேட்டிருப்பான். அதற்கும் தலையாட்டல். அதற்கு மறுநாள், கூலி எவ்வளவு என்று.

"அப்படியெல்லாம் கேட்டிருந்தானுங்கன்னா அந்தச் சொல்லு இத்தனை காலம் பொழைச்சிருக்காதுங்க," என்றார் அம்மா.

இதற்கிடையில் போன் வரவே இல்லை.

மடத்துக்குள் சிக்னல் கிடையாது, துறையில் மட்டும்தான் கிடைக்கும். அதனால் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் போனை மடியிலேயே வைத்திருந்தார். வந்தால் இந்தத் தடவை யார் என்று கேட்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். வரவில்லை. நாமே கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. நம்பரை எடுத்து விரலை வைப்பார், எடுத்துவிடுவார். எடுத்தவுடன் என்ன பேசுவது? பதிப்பாளர் ஆபீசிலிருந்து ஆரம்பிப்பதா, உடம்பிலிருந்து ஆரம்பிப்பதா? மன்னிப்பு முதலிலா, நலம் விசாரிப்பு முதலிலா? மனுஷர் அதற்கும் ஒரு முன்னுரை தயார் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் பொங்கல் கழிந்துதானே, நாள் இருக்கிறது என்றும் ஒரு தைரியம். பொங்கலன்று வாழ்த்துச் சொல்கிற சாக்கில் கூப்பிடலாம் என்று வைத்துக்கொண்டார். அது கௌரவமாகவும் இருக்கும்.

பொங்கலன்று, மடத்தில் பானை பொங்கி இறக்கியதும், துறைக்கு இறங்கிப் போய்க் கூப்பிட்டார். எடுத்தது ஞானாபரணத்தின் மனைவி எஸ்தர்.

"சொல்லுங்க சார்," என்றாள்.

முன்பெல்லாம் அண்ணாச்சி என்பாள். காப்பித் தம்ளரை வைக்கும்போதே, அண்ணாச்சி சண்டை போடாம குடிங்க என்பாள்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றாள். தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் அவசரப்படுத்திவிட்டார், போன வாரமே ஆகிவிட்டது. உடம்பு தேறி வருகிறது. பேச்சு இனிமேல் இல்லை. ஒரு சேதி வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்.

"குரல் இருக்கும்போதே உங்ககிட்ட ஒரு தடவ பேசிரணும்னு நெனச்சாக. வலிக்க வலிக்கத்தான் போன் போட்டாக. நீங்க யாருன்னு கேட்டீகளாம். அன்னைக்கு ராத்திரி அவுக சாப்பிடல."

சபாநாயகம் தயார் பண்ணி வைத்திருந்த முன்னுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அவள் பொங்கல் வாழ்த்துகள் சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மேடேறி அம்மாவின் முன்னால் போனார். உட்கார்ந்து, குழந்தைபோல அழுதார். கூடத்தில் இருந்தவர்கள் மெல்ல எழுந்து வெளியே போனார்கள்.

"முடிஞ்சுபோச்சு அம்மா. இனிமே அவர் கூப்பிட மாட்டார். கூப்பிட அவருக்குக் குரலே இல்லை. நான் ஒரு பேருக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். இனிமே பேரும் இல்லை, ஹலோவும் இல்லை."

அம்மா அவர் அழுது முடிக்கிற வரை பக்கத்திலேயே இருந்தார். முதுகில் ஒரு தடவை கை வைத்தார். பிறகு சொன்னார்.

"துறையில ஆளில்லீங்க வாத்தியாரே."

சபாநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. இன்றைக்குமா துறை, மனுஷன் படுகிற பாடு உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்டார். அம்மா சக்கரைப் பொங்கலை ஓர் இலைத் துண்டில் வைத்து அவர் கையில் கொடுத்தார்.

"மாதேசனுக்கு இதைக் கொடுத்துருங்க. அது இன்னும் சாப்பிடலை."

வேறு வழியில்லாமல் இறங்கிப் போனார். மாதேசன் பொங்கலை வாங்கிக்கொண்டு, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியைப் பிட்டு இவருக்கே கொடுத்தார். இருவரும் கல்லில் உட்கார்ந்து தின்றார்கள்.

பண்டிகை நாள். அக்கரையில் ஆளரவமே இல்லை. பஸ் ரோடு வெறிச்சென்று கிடந்தது. ஆறு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மடியில் போன் அடித்தது.

அந்த நம்பர்தான். எஸ்தர்தான் இன்னும் ஏதோ சொல்ல விட்டுப்போய்க் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். நல்ல வார்த்தையாக இருக்காது. இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் காதில் வைத்தார்.

சத்தமில்லை.

எஸ்தரின் குரல் வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. லைன் அறுந்துவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தார். அறுபடவில்லை. மறுபடி காதோடு சேர்த்து அழுத்தினார். அப்போது கேட்டது. மூச்சு. தொண்டையில் வைத்த குழாய் வழியாக இழுத்து விடுகிற மூச்சு, மெல்லிசாகச் சீறிக்கொண்டு வந்தது, போனது, வந்தது.

சபாநாயகம் எழுந்து நின்றார். இலைத் துண்டு கீழே விழுந்தது.

யார் என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார். மன்னிப்பு, பதிப்பாளர் ஆபீஸ், முன்னுரை ஒன்றும் நினைவில் இல்லை. மூச்சு காத்துக்கொண்டிருந்தது.

"வர்றேன்," என்றார்.

போனில் சொல்கிற குரலில் அல்ல. அடிவயிற்றிலிருந்து, கழுத்து நரம்பு புடைக்க, ஆறு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அந்தப் பக்கம் மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு போனின்மேல் விரலால் தட்டுகிற சத்தம் ஒன்று வந்தது. அதோடு அங்கே அடங்கிவிட்டது.

சபாநாயகம் மாதேசனின் தோளில் தட்டினார்.

மாதேசன் எழுந்து அக்கரையைப் பார்த்தார். யாரும் இல்லை. திரும்பிச் சபாநாயகத்தைப் பார்த்தார். அவர் செருப்பைக்கூட மாட்டாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரிசலில் ஏறிக்கொண்டிருந்தார்.

மாதேசன் கயிற்றை அவிழ்த்தார்.